மருந்து வண்டியைத் தொடுமுன்: தாதிமை இல்லத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

சிங்கப்பூரில் ஒரு தாதிமை இல்லத்தில் பராமரிப்பு ஊழியராகச் சேர்ந்திருக்கிறீர்கள். குளிப்பாட்டவும் சோறூட்டவும் படுக்கை மாற்றவும் பழகியாயிற்று. அடுத்த வாரத்திலிருந்து மருந்து கொடுக்கப் பயிற்சி என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். இங்கேயே பிறந்து, வேறு வேலை பார்த்துவிட்டு நாற்பது வயதுக்குமேல் இந்தத் துறைக்கு வந்தவராகவும் இருக்கலாம். இது உங்களுக்காக எழுதியது.

பல ஆண்டுகளாகப் புதியவர்களைப் பக்கத்தில் நிறுத்தி மருந்து ரவுண்டு, அதாவது படுக்கை படுக்கையாகப் போய் மருந்து கொடுப்பது, பழக்கிவரும் நர்ஸ் நான். நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல், மருந்தைப் பற்றித் தெரியாததால் வந்தவை இல்லை. தெரியாததைக் கேட்கக் கூச்சப்பட்டதால் வந்தவை. “சிஸ்டர் பிஸியா இருக்காங்க, இதைப் போய்க் கேட்டா என்ன நினைப்பாங்க?” என்ற தயக்கம் நம்மவர்களிடம் கொஞ்சம் அதிகம். பெரியவர்களிடம் திருப்பிக் கேள்வி கேட்காதே என்று வளர்ந்தவர்கள் நாம். என்னிடம் பயிற்சிக்கு வருபவர்களுக்கு நான் வைக்கும் முதல் விதி இதுதான்: ஒரு ரவுண்டில் என்னிடம் மூன்று சந்தேகமாவது கேட்க வேண்டும். ஒன்றுமே கேட்காமல் முடித்தவரைத்தான் மறுநாளும் பக்கத்திலேயே வைத்துக்கொள்வேன்.

எது உங்கள் வேலை என்று எழுத்தில் பாருங்கள்

பதிவுபெற்ற நர்ஸ், என்ரோல்ட் நர்ஸ் இருவரும் சிங்கப்பூர் நர்சிங் போர்டில் பதிந்து வேலை செய்பவர்கள். நர்சிங் எய்ட், ஹெல்த்கேர் அட்டெண்டன்ட் என்று வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பதிவு கிடையாது. அதனால் மருந்து விஷயத்தில் நீங்கள் செய்யும் எதுவும், நர்ஸ் உங்களிடம் ஒப்படைத்த வேலை. எவ்வளவு ஒப்படைப்பது என்பது இல்லத்துக்கு இல்லம் மாறும். ஓர் இடத்தில் நர்ஸ் எடுத்துவைத்த மாத்திரையை அவர் கண்ணெதிரே ஊட்டிவிடுவது மட்டும் உங்கள் வேலை. இன்னோர் இடத்தில் தேர்வு வைத்து, தேறியவர்களை வாய்வழி மருந்துகள் கொடுக்க விடுவார்கள்.

தாதிமை இல்லங்கள் 2023 டிசம்பரிலிருந்து, 2020ஆம் ஆண்டின் சுகாதாரச் சேவைகள் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்று நடக்கின்றன. உங்கள் இல்லத்தில் மருந்து நடைமுறைகள் எழுத்தில் இருக்கும். முதல் நாளே அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஆங்கிலம் கடினமாக இருந்தால் தெரிந்தவரை உட்காரவைத்துப் படித்துக்கொள்ளுங்கள், தவறே இல்லை.

ஊரில் நர்சிங் படித்துவிட்டு இங்கே எய்டாக வந்தவர்கள் நிறையப் பேர். ஊசி போட்டுப் பழகிய கை சும்மா இருப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இங்கே உங்களுக்கு அந்த அனுமதி இல்லை என்றால் இல்லைதான். ஆள் பற்றாக்குறை உள்ள இரவில் யாராவது “நீதான் படிச்சிருக்கியே, போட்டுடு” என்று சொன்னால், “எனக்கு அனுமதி இல்லை சிஸ்டர், நீங்க வந்து போடுங்க, நான் மத்ததைப் பார்த்துக்கறேன்” என்று சொல்லுங்கள். இதை வீட்டில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நேரம் வரும்போது தானாக வரும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த கணக்குகள்

தமிழ்நாட்டில் டாக்டர் சீட்டில் 1-0-1 என்று எழுதினால் காலையும் இரவும் ஒவ்வொன்று என்று எல்லாருக்கும் தெரியும். இங்கே சார்ட்டில், அதாவது ஒவ்வொருவரின் மருந்துப் பதிவுத் தாளில், அதைப் பார்க்க மாட்டீர்கள். ஓஎம் என்றால் காலையில் ஒருமுறை. ஓஎன் என்றால் இரவில் ஒருமுறை. பிடி (BD) என்றால் இரண்டு வேளை, டிடிஎஸ் மூன்று வேளை, கியூடிஎஸ் நான்கு வேளை. கையால் எழுதிய சார்ட்டில் ஆங்கில எம்முக்கும் என்னுக்கும் ஒரு கோடுதான் வித்தியாசம். அந்த ஒரு கோடு என்ன செய்யும் தெரியுமா? காலையில் கொடுக்க வேண்டிய ஃபுரூசமைடை, அதாவது நீர் பிரியச் செய்யும் மாத்திரையை, இரவு 8 மணிக்குக் கொடுத்துவிட்டால், தாத்தா ராத்திரி முழுக்கக் கழிவறைக்கு நடப்பார். இருட்டில் எழுந்து நடக்கும் எண்பது வயதுக்காரர் விழுந்து இடுப்பெலும்பு முறிவது எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்று வார்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

பிஆர்என் என்று இருந்தால் தேவைப்பட்டால் மட்டும். இதில் நான்கு விஷயம் தெரியாமல் கை வைக்காதீர்கள்: எதற்காக, எவ்வளவு, இரண்டு வேளைக்கு நடுவே எத்தனை மணி நேரம், நாளொன்றுக்கு அதிகபட்சம் எவ்வளவு. பாரசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். 500 மில்லிகிராம் மாத்திரை, பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 8க்கு மேல் கூடாது. மெலிந்த உடம்புள்ள முதியவருக்கு டாக்டர் அதைவிடக் குறைவாக எழுதியிருக்கலாம். தசைவலிக்கு இங்கே அதிகம் எழுதப்படும் அனாரெக்ஸிலும் பாரசிட்டமால் இருக்கிறது. இரண்டும் சார்ட்டில் இருந்தால் நர்ஸிடம் காட்டுங்கள்.

அடுத்தது சர்க்கரைக் கணக்கு. ஊரில் 126, 180 என்று பேசிப் பழகியிருப்போம். இங்கே மீட்டரில் 7.0, 10.0 என்று வரும். அளக்கும் அலகே வேறு, மில்லிமோல். இங்கத்திய எண்ணை 18ஆல் பெருக்கினால் ஊர்க் கணக்கு வந்துவிடும். மனதில் ஆணி அடித்தாற்போல் இருக்க வேண்டிய எண் 4. மீட்டர் 4க்குக் கீழே காட்டினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது. உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், ஆளை விட்டு நகராமல். நினைவோடு இருந்து, நன்றாக விழுங்கவும் முடிந்தால், 15 கிராம் குளுக்கோஸ், கிட்டத்தட்ட மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கலக்கிக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி அளப்பது வழக்கமான முறை. மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அப்போது 995, ஆம்புலன்ஸ்தான்.

அப்புறம் மருந்தின் பெயர். ஊரில் டோலோ, டெல்மா, கிளைக்கோமெட், எக்கோஸ்பிரின் என்று கம்பெனிப் பெயரில் நினைவு வைத்திருப்போம். இங்கே சார்ட்டிலும் லேபிளிலும் பெரும்பாலும் மூலப்பெயர்: பாரசிட்டமால், டெல்மிசார்ட்டன், மெட்ஃபார்மின், ஆஸ்பிரின். ஒரு சின்ன நோட்டில் உங்கள் வார்டில் ஓடும் மருந்துகளை எழுதுங்கள். பெரும்பாலும் முப்பது, நாற்பதுக்குள் அடங்கிவிடும். பெயர், எதற்கு, கொடுக்குமுன் என்ன பார்க்க வேண்டும், இந்த மூன்றும் போதும். ஒலியில் ஒத்துப்போகும் பெயர்களை எதிரெதிரே எழுதுங்கள். ஹைட்ரலசின் ரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்ஸிசின் அரிப்புக்கு. அவசரத்தில் படித்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

இன்னொரு வார்த்தையும் இருக்கிறது. இங்கே தமிழ்ச் செய்தியில் பலதுறை மருந்தகம் என்றால் பாலிகிளினிக், மருந்துக் கடை இல்லை. “தாத்தாவுக்கு நாளைக்குப் பலதுறை மருந்தகம்” என்று மகள் சொன்னால், டாக்டரைப் பார்க்க வேண்டிய தேதி அது. நர்ஸிடம் சொல்லுங்கள், மருந்து மாறி வரலாம்.

பெயரைச் சொல்லாதீர்கள், சொல்லச் சொல்லுங்கள்

எனக்கே நடந்தது இது. வேலைக்கு வந்த புதிதில், ஒரு வார்டில் இரண்டு லட்சுமி பாட்டிகள். ஒருவர் ஜன்னலோரம், ஒருவர் கதவோரம். அன்று காலை யாரோ கதவோரப் பாட்டியை வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். நான் கப்போடு போய், “பாட்டி, நீங்கதானே லட்சுமி?” என்றேன். தலையை ஆட்டினார். அவர் பெயரும் லட்சுமிதானே! காது மந்தம் வேறு, எதைக் கேட்டாலும் ஆட்டுவார். மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் திரும்பி, சார்ட்டிலிருந்த புகைப்படத்தைப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. ரத்த அழுத்த மாத்திரை, ஏற்கெனவே அழுத்தம் குறைவாக உள்ளவருக்கு.

ஓடிப்போய்ச் சொன்னேன். டாக்டருக்குப் போன் போனது. பாட்டியைப் படுக்க வைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, அன்று மாலை வரை திரும்பத் திரும்ப அழுத்தம் பார்த்தோம். நல்லவேளை, பெரிதாக இறங்கவில்லை. ஷிஃப்ட் முடிந்தும் நான் வீட்டுக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பாட்டி என் கையைப் பிடித்து “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டார்.

அதனால் சொல்கிறேன். “நீங்கதானே இன்னார்?” என்று கேட்காதீர்கள். “உங்க பெயர் என்ன?” என்று கேளுங்கள். பிறகு இரண்டாவது அடையாளம்: பிறந்த தேதி, அல்லது அடையாள அட்டை எண், இல்லத்தின் விதி எதுவோ அது. பேச முடியாதவர், மறதி நோய் உள்ளவர் என்றால் கைப்பட்டையும் சார்ட்டிலுள்ள புகைப்படமும். படுக்கை எண் அடையாளம் ஆகாது, ஏனென்றால் படுக்கை மாறும்.

இந்த ஊர்ப் பெயர்களையும் பழகிக்கொள்ள வேண்டும். சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முதலில் வரும். “மேடம் டான்” என்று கூப்பிட்டால் வார்டில் நான்கு பேர் திரும்புவார்கள். மலாய்க்காரர்களுக்கு “பின்” (மகன்), “பிந்தே” (மகள்) என்று தந்தை பெயர் தொடரும். நம்மவர்களுக்கும் பழைய அடையாள அட்டைகளில் இன்னாரின் மகன், மகள் என்று இருக்கும். முழுப் பெயரையும் கடைசி எழுத்து வரை படியுங்கள்.

ரவுண்டு பழகும் முறை

நான் பழக்கும் முறையைச் சொல்கிறேன். உங்கள் இல்லத்தில் வேறு மாதிரி இருக்கலாம்.

முதல் சில நாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பது மட்டும். நான் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வேன். அடுத்து, நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கை என்னுடையது. அதற்குப் பிறகுதான் கை உங்களுடையது, கண் என்னுடையது. இந்த இரண்டாவது கட்டத்தை யாரும் தாண்டிவிட ஒப்புக்கொள்ளாதீர்கள். சொல்லிப் பழகாத கை, வேகம் வந்ததும் படிகளை விழுங்கிவிடும்.

கை கழுவுங்கள். சார்ட்டைத் திறந்ததும் முதலில் ஒவ்வாமைக் கட்டம், பிறகுதான் மருந்து. சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தும் எல்லாப் பயிற்சியிலும் சொல்வார்கள். அவற்றை மூன்று தடவை ஒப்பிட வேண்டும்: பெட்டியிலிருந்து எடுக்கும்போது, கப்பில் போடுமுன், பெட்டியைத் திரும்ப வைக்கும்போது. காலாவதித் தேதியும் அப்போதே. சில மாத்திரைகளுக்கு முன் ரத்த அழுத்தமும் நாடியும் பார்க்க வேண்டும். எந்த எண்ணுக்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும் என்று சார்ட்டில் இருக்கும். இல்லாவிட்டால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும். பத்துப் பேருக்கும் கப்பில் போட்டு அடுக்கிவைத்துக்கொண்டு போனால் சீக்கிரம் முடியும் என்று யாராவது காட்டிக்கொடுப்பார்கள். அதைக் கற்றுக்கொள்ளாதீர்கள். கப்பில் விழுந்தபின் வெள்ளை மாத்திரைகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். நடுவில் போன் அடித்தாலோ, உறவினர் வந்து பேசினாலோ, “இந்த ஒருவரை முடிச்சிட்டு வரேன்” என்று சொல்லுங்கள். ஓடியே ஆக வேண்டிய அவசரம் என்றால் வண்டியைப் பூட்டிவிட்டு ஓடுங்கள். திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள், அந்த ஆளுக்கு முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

கொடுக்கும்போது என்ன மாத்திரை என்று சொல்லிக் கொடுங்கள். நாலு மொழி பேசும் வார்டு இது. மலாய் பாட்டியிடம் “மாக்கான் உபாட்”, மாண்டரின் பேசுபவரிடம் “ச்சி யாவ்” என்றால் மருந்து சாப்பிடும் நேரம் என்று புரிந்துகொள்வார்கள். வலியைக் கேட்க மலாயில் “சாக்கிட்”, மாண்டரினில் “தோங்”. இந்த நாலு வார்த்தை தெரிந்தாலே முகம் மலர்ந்துவிடும். “இது என் மாத்திரை இல்லையே, என்னுது மஞ்சளா இருக்கும்” என்று ஒருவர் சொன்னால், அவருக்கு மறதி நோயே இருந்தாலும், நிறுத்திச் சரிபாருங்கள். இருபது வருடமாக அதை விழுங்குபவர் அவர்.

விழுங்கும்வரை நில்லுங்கள். ஒரு பாட்டி, எப்போதும் சமர்த்தாக வாயைத் திறந்து காட்டுவார். ஒருநாள் அவர் கைக்குட்டையைத் துவைக்கப் போடும்போது மூலையில் சிறு முடிச்சு தட்டுப்பட்டது. அவிழ்த்தால் மூன்று வெள்ளை மாத்திரைகள், பாதி கரைந்து துணியோடு ஒட்டிக்கொண்டு. கன்னத்தில் அடக்கிவைத்து, நாங்கள் நகர்ந்ததும் எடுத்து முடிந்து வைத்திருக்கிறார். சார்ட்டில் மூன்று நாளும் “கொடுக்கப்பட்டது” என்று கையெழுத்து. அழுத்தம் ஏன் குறையவில்லை என்று டாக்டர் அளவைக் கூட்டலாமா என யோசித்துக்கொண்டிருந்தார்! ஆகவே கையெழுத்து, தொண்டைக்குள் போனபிறகு. கப்பைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு வராதீர்கள்.

வேண்டாம் என்று மறுத்தால் கட்டாயப்படுத்தக் கூடாது. கால் மணி நேரம் விட்டு, வேறு முகத்தோடு, வேறு பேச்சோடு மறுபடி போய்ப் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் மறுத்தார் என்றே பதிந்து நர்ஸிடம் சொல்லுங்கள். கஞ்சியில் கலந்து தெரியாமல் கொடுப்பது உங்கள் முடிவு இல்லை. அதை டாக்டரும் மருந்தாளரும் குடும்பத்தாரும் பேசி, எழுத்தில் வைத்தால் மட்டுமே.

உடைக்கலாமா, பொடிக்கலாமா

விழுங்கச் சிரமப்படுபவர்கள் வார்டில் நிறைய. மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது அன்றாடக் காட்சி. ஆனால் பெயருக்குப் பின்னால் எல்ஏ, எக்ஸ்ஆர், எஸ்ஆர், சிஆர் என்று ஒட்டு இருந்தால், அது நாள் முழுக்க மெதுவாக இறங்க வேண்டிய மருந்து. பொடித்தால் முழு நாளின் அளவும் ஒரேயடியாக இறங்கிவிடும். நிஃபெடிபின் எல்ஏயைப் பொடித்தால் அழுத்தம் சரிந்துவிடும். வயிற்றுக்குப் பாதுகாப்பாக மேல்பூச்சுப் போட்ட ஆஸ்பிரினையும் பொடிக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் மருந்தாளரைக் கேளுங்கள். பல மருந்துகளுக்குத் திரவ வடிவமோ மாற்று மருந்தோ உண்டு. தண்ணீரைக் கெட்டியாக்கிக் குடிக்கச் சொல்லியிருப்பவருக்கு, மாத்திரைக்காக மட்டும் வெறும் தண்ணீர் கொடுத்துவிடாதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா.

எதோடு கொடுப்பது என்பதும் உண்டு. இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடும் கோப்பியோடும் கொடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது. தைராய்டு மாத்திரை காலைப் பசியாறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, தண்ணீரோடு. எலும்புக்கு வாரம் ஒருமுறை கொடுக்கும் அலெண்ட்ரோனேட்டுக்கு வெறும் வயிறு, ஒரு தம்ளர் சாதாரணத் தண்ணீர், அரை மணி நேரம் படுக்கக் கூடாது. சாய்ந்தால் உணவுக்குழாய் புண்ணாகும். நிமிர்ந்து உட்கார முடியாதவருக்கு அது எழுதப்பட்டிருந்தால், கொடுக்காமல் நர்ஸிடம் போங்கள்.

திரவ மருந்தில் நம் மொழியே ஒரு குழி வெட்டிவைத்திருக்கிறது. மில்லிகிராமையும் “மில்லி” என்போம், மில்லிலிட்டரையும் “மில்லி” என்போம். இரண்டும் வேறு. சார்ட்டில் பாரசிட்டமால் 500 மில்லிகிராம் என்று இருக்கிறது. பாட்டிலில் 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம் என்றால் 10 மில்லிலிட்டர் ஊற்ற வேண்டும். அடுத்த வாரம் வரும் பாட்டில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராமாக இருந்தால், அதே 10 மில்லிலிட்டரில் 240 மில்லிகிராம்தான் இருக்கும், பாதிகூட இல்லை. வார்டில் தமிழில் பேசினாலும் அளவை மட்டும் முழுதாகச் சொல்லுங்கள். அளக்க வாய்வழி சிரிஞ்சு, சமையலறைக் கரண்டி வேண்டாம்.

இவற்றில் தனியாகக் கை வைக்காதீர்கள்

இன்சுலின். ஒருவருடைய பேனா அவருக்கு மட்டும், ஊசியை மாற்றினாலும் இன்னொருவருக்குக் கூடாது. போடுவது நர்ஸ் என்றாலும் உங்கள் பங்கு பெரியது: சாப்பாடு வந்துவிட்டதா, சாப்பிடுகிறாரா, காலையில் வாந்தி எடுத்தாரா என்பதை அறிந்தவர் நீங்கள். போடுமுன் சொல்லுங்கள். சாப்பிடாதவருக்கு இன்சுலின் போனால் சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும், உறைபெட்டிக்குள் போகக் கூடாது. குளிர்பெட்டியின் வெப்பநிலையை எழுதும் தாளில் நேற்றைய எண்ணைப் பார்த்து எழுதாதீர்கள்.

வார்ஃபரின், அதாவது ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து. ரத்தப் பரிசோதனையைப் பார்த்து அளவு மாறும், கிழமைக்குக் கிழமையும் மாறலாம். ஈறில் ரத்தம், புதிதாகக் கன்றிய இடம், கறுப்பு மலம் கண்டால் சொல்லுங்கள். இதைச் சாப்பிடுபவர் கீழே விழுந்து தலையில் அடிபட்டால், “ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருக்கேன்” என்று சிரித்தாலும் உடனே நர்ஸிடம் சொல்லியாக வேண்டும்.

மெத்தோட்ரெக்சேட். மூட்டு வாதத்துக்கு வாரத்தில் ஒரே ஒருநாள் கொடுப்பது. தினமும் கொடுத்து உயிர் போன சம்பவங்கள் உலகெங்கும் பதிவாகியிருக்கின்றன. சார்ட்டில் கிழமை எழுதியிராவிட்டால் தொடாதீர்கள். பொடிக்கவும் கூடாது, வெறுங்கையால் எடுக்கவும் கூடாது.

தோலில் ஒட்டும் மருந்துப் பட்டைகள். குளிப்பாட்டுபவர் நீங்கள் என்பதால் முதலில் பார்ப்பதும் நீங்கள்தான். முதுகில் இரண்டு பட்டை கண்டால் பழையதை எடுக்க மறந்திருக்கலாம். உடனே கூப்பிடுங்கள். வலிக்கான ஃபென்டனில் பட்டை கழன்று காணோம் என்றால் படுக்கை விரிப்பை உதறித் தேடுங்கள். அது இன்னொருவர் உடம்பில் ஒட்டிக்கொண்டால் மூச்சு அடங்கிப்போகும்.

கண் சொட்டுக்கு, திறந்த தேதியை பாட்டிலில் எழுதுவதையும், இரண்டு சொட்டு மருந்துகளுக்கு நடுவே ஐந்து நிமிடம் விடுவதையும் மறக்காதீர்கள்.

உறவினர் கொண்டுவரும் பை

மருத்துவமனையிலிருந்து திரும்பும் நாள்தான் மிக ஆபத்தான நாள். உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் தொடங்கிய மருந்துப் பாதுகாப்பு முயற்சியிலும், இடம் மாறும் நேரத்தை முக்கியமான மூன்றில் ஒன்றாக வைத்தார்கள். புதுப் பை வரும், பழைய பையும் அலமாரியில் இருக்கும். ஒன்றில் நார்வாஸ்க், மற்றதில் அம்லோடிபின். இரண்டும் ஒரே மருந்து. நர்ஸ் பட்டியலை ஒப்பிட்டு முடிக்கும்வரை எந்தப் பையிலிருந்தும் எடுக்காதீர்கள்.

மகன் சென்னையிலிருந்து அப்பாவுக்கு டெல்மா வாங்கி வருவார். மகள் சிராங்கூன் சாலையில் லேகியம் வாங்கி வருவார். பக்கத்துப் படுக்கை ஆ மாவுக்கு, அதாவது சீனப் பாட்டிக்கு, டாங்குய் என்ற மூலிகை போட்ட சூப் வரும். வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு டாங்குய், ஜிங்கோ போன்ற மூலிகைகள் ரத்தக்கசிவைக் கூட்டலாம். எதையும் அலட்சியமாகப் பேசாதீர்கள், அன்போடு கொண்டுவந்தது அது. “அண்ணே, இதை நர்ஸ்கிட்ட ஒரு தடவை காட்டிட்டுக் கொடுத்துடலாம்” என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள். நோன்பு மாதத்தில் நோன்பிருக்க விரும்பும் முதியவர்கள் இருப்பார்கள், சஷ்டி விரதம் இருக்கும் பாட்டிகளும் உண்டு. முன்கூட்டியே நர்ஸுக்குத் தெரியப்படுத்துங்கள். நேரத்தை மாற்றுவது டாக்டர்.

தவறு நடந்துவிட்டால்

முதலில் ஆள், பிறகு காகிதம். அவரைப் பாருங்கள்: நினைவு, மூச்சு, நிறம். நர்ஸிடம் சொல்லுங்கள், அந்த நிமிடமே, என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று. வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். மருந்தின் அட்டையை எறியாதீர்கள். பதிவேட்டில் அடித்துத் திருத்தாதீர்கள். பிறகு சம்பவ அறிக்கையில் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுங்கள். கப் கைவரை போய், வாய்க்குள் போகுமுன் கண்டுபிடித்ததையும் எழுதுங்கள். இரண்டு பெட்டிகள் ஒரே நிறத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன என்று நீங்கள் எழுதினால்தான் நாளை அவற்றைப் பிரித்து வைப்பார்கள். சம்பளம் போகுமோ, பெர்மிட் போகுமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. நான் பார்த்தவரை, சொன்னவர்களுக்குத் திரும்பப் பயிற்சி கிடைத்தது. மறைத்தது பிறகு தெரியவந்தவர்கள்தான் வேலையை இழந்தார்கள்.

ஷிஃப்ட் மாறும்போது

கொடுக்காமல் விட்டது எது, ஏன், யார் மறுத்தார், எந்தப் பிஆர்என் எத்தனை மணிக்குப் போனது, வலி குறைந்ததா என்று திரும்பிப் பார்த்தீர்களா, எந்த மருந்து தீரப்போகிறது. இவற்றை வாயாலும் சொல்லுங்கள், எழுத்திலும் வையுங்கள். ஃபென்டனில் போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளை எண்ணுவது இரண்டு நர்ஸ்கள். உங்களைச் சாட்சியாகக் கூப்பிட்டால், உங்கள் இல்லத்தின் விதி அதற்கு இடம் தருகிறதா என்று கேட்டுவிட்டு, நீங்களும் வாய்விட்டு எண்ணி, எண்ணியதற்குப் பிறகே கையெழுத்துப் போடுங்கள். வண்டியின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போகாமல் அடுத்தவரின் உள்ளங்கையில் வையுங்கள்.